கொல்லைப்புறத்துப் பறவைகளைப் படம்பிடிப்போம்

(தோட்ட மண்டபம் ஒன்றில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுக் கொல்லைக்கு வரும் பறவைகளையும் பிற சிற்றுயிர்களையும் படம்பிடிப்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். “படம்பிடிப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு ஆயிற்றே! விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரங்களோடு போராடிவிட்டு நண்பகலில் வீடு திரும்பும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?” என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்திற்கு விடை கூறிவிட்டு மேலே செல்வதே முறை.

பறவையைப் படம்பிடிக்க மூன்று பொருள்கள் வேண்டும். ஒன்று கருவி. மற்றொன்று பறவை. மூன்றாவது, பறவையின் போக்கை அறிந்த மனிதர். கருவியைக் கடையில் வாங்கலாம். மற்ற இரண்டையும் எக்கடையிலும் வாங்க இயலாது. நகரத்தார் வெள்ளிப் பணத்தைச் செலவிட்டு, காரில் நெடுந்தொலைவு சென்று தேடும் பறவைகள் உங்கள் கொல்லைக்குத் தாமாகவே வருகின்றன. இருள் பிரியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரங்களுக்கிடையே நடக்கின்றவர்கள் நீங்கள். எந்தக் குரல் முதலில் கேட்கும், எந்தப் பறவை எம்மரத்தை நாடும், மழைக்கு முன் எது கத்தும் என்பதை யாரும் கற்பிக்காமலேயே கற்றிருக்கிறீர்கள். ஆகவே, மூன்றில் இரண்டு பங்கு முதல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீதமுள்ள கருவியும் இன்று பெரும்பாலான இல்லங்களில் கைத்தொலைபேசி வடிவில் வந்து சேர்ந்துவிட்டது.

முன்னாளில் ஒரு சுருள் படத்தகட்டில் முப்பத்தாறு படங்களே எடுக்க முடியும். அவற்றைக் கழுவவும் அச்சிடவும் தனிச் செலவு. பத்துப் படம் பாழானால் ஒரு நாள் கூலி பாழாகும். இன்று நூறு படம் எடுத்து, தொண்ணூற்றொன்பதை அழித்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாலும் பணச்செலவு இல்லை. உழைக்கும் மக்களுக்கு இதைவிட நல்வாய்ப்பு வேறென்ன வேண்டும்?

முன்னோடிகள் மூவர்

படம்பிடிக்கும் கலையில் பெயர் பெற்றோர் யாவரும் செல்வத்தில் பிறந்தவர்கள் அல்லர். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் எளிய வேளாண் குடும்பத்தில் பிறந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர் இருவர், பறவைக் கூடுகளைப் பற்றி 1895-ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டனர். இயற்கைச் சூழலில் நேரில் எடுத்த ஒளிப்படங்களைக் கொண்டே விளக்கிய தொடக்க கால நூல்களுள் அது ஒன்றாகும். பறவை தங்களைக் கண்டு அஞ்சாதிருக்க, உள்ளே குடைவான மாட்டுருவம் ஒன்றைச் செய்து அதனுள் புகுந்து நின்று படமெடுத்தார்கள். மாட்டைக் கண்டு பறவை அஞ்சாது என்பதை அந்த வேளாளர் மைந்தர்கள் அறிந்திருந்தார்கள்.

தமிழகத்தின் மா. கிருஷ்ணன் (1912 – 1996) மற்றொருவர். தமிழ் நாவல் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் புதல்வர் அவர். ஒரு கருவியின் உடலையும் மற்றொன்றின் வில்லையையும் வேறு சில உறுப்புகளையும் தம் கையாலேயே இணைத்து ஒரு கருவி சமைத்துக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டினார். அக்கருவியைக் கொண்டு கறுப்பு வெள்ளையில் யானைகளையும் மான்களையும் பறவைகளையும் படம்பிடித்தார். இந்திய அரசு 1970-ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துப் பாராட்டியது.

மூன்றாமவர் நம் மண்ணில் பிறந்தவர். கோலாலம்பூரில் 1915-ஆம் ஆண்டில் பிறந்த லோக் வான் தோ, செல்வத்தின் மடியில் வளர்ந்தவர்தாம். எனினும், திரைப்படத் தொழிலின் பெரும் பொறுப்புகளுக்கு இடையிலும் மறைவிடத்தில் மணிக்கணக்காக அமர்ந்து பறவைக்காகக் காத்திருந்தார். இந்தியப் பறவையியல் அறிஞர் சாலிம் அலியோடு இணைந்து பயணம் செய்தார். அவருடைய பறவைப் பட நூல் 1957-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1964-ஆம் ஆண்டில் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார். வேளாளர் மகனும் எழுத்தாளர் மகனும் கோடீசுவரர் மகனும் பறவைக்கு முன்னே ஒரே வகையாகத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. பணத்துக்குப் பணிந்து எந்தப் பறவையும் கிளைக்கு வருவதில்லை!

நம் கொல்லையில் யார் யார்?

கொல்லை என்றால் என்ன? லயத்தின் பின்புறத்தில் நான்கு வாழை, ஒரு பப்பாளி, ஒரு முருங்கை, ஒரு கருவேப்பிலை, கொடியடுப்புக்கு அருகே ஒரு செம்பருத்தி வேலி, இவ்வளவே. ஆயினும், இச்சிறு நிலத்தில் ஓராண்டுக்குள் வந்து போகும் உயிர்களை எண்ணினால் வியப்பு மேலிடும்.

விடியற்காலையில் கூரை முகட்டிலோ கம்பத்திலோ நின்று இனிமையாகப் பாடுவது, மலாயில் ‘முராய்’ என்றும் தமிழில் குண்டுகரிச்சான் என்றும் பெயர் பெற்ற கறுப்பு வெள்ளைப் பறவை. ஆண்பறவை மினுமினுக்கும் கறுப்பு. பெண்பறவை சாம்பல் நிறம். பப்பாளி பழுத்ததும் முதலில் வருவது கொண்டைக்குருவி இனத்தைச் சேர்ந்த ‘மெர்பா’. முகம் வெளுத்து, வாலடியில் மஞ்சள் தீட்டியிருக்கும். பொன்னிற உடலும் கண்ணை ஊடறுத்துச் செல்லும் கரும்பட்டையும் கொண்டது மாங்குயில். செம்பருத்திப் பூவில் அலகை நுழைப்பது தேன்சிட்டு. அகன்ற இலையின் ஓரங்களைத் துளைத்து, நார்கொண்டு தைத்து, அதனுள் கூடமைப்பது தையல்சிட்டு. வேலிக்கம்பத்தில் அசையாது அமர்ந்து, புல்லில் ஓடும் ஓணானையும் வெட்டுக்கிளியையும் கொத்திச் செல்வது வெண்தொண்டை மீன்கொத்தி. பெயரில்தான் மீன் இருக்கிறதேயன்றி, அதற்கு ஆறும் குளமும் அருகில் இருக்க வேண்டியதில்லை.

பறவை மட்டுமா? வயிற்றில் செம்மையும் விலாவில் கறுப்பு வெள்ளைக் கோடுகளும் உடைய வாழை அணில் இருக்கிறது. பால்மரத்திலிருந்து மற்றொரு பால்மரத்துக்குக் காற்றில் மிதந்து செல்லும் பறக்கும் ஓணான் இருக்கிறது. அது மரப்பட்டையோடு ஒட்டிக் கிடக்கும்போது கண்ணுக்குப் புலப்படாது. ஆண் ஓணான் தன் தொண்டையின் மஞ்சள் மடலை விரித்துக் காட்டும்போதுதான் ‘ஆ! இங்கே ஓர் உயிர்!’ என்று நாம் திடுக்கிடுகிறோம்.

புதிதாகப் படம்பிடிக்கத் தொடங்குவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது கருவேப்பிலைச் செடியை. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இனத்தவை அதன் தளிரில் முட்டையிடும். வெளிவரும் இளம்புழு, பறவையின் எச்சம் போலவே காட்சியளித்து எதிரிகளை ஏமாற்றும். வளர்ந்தபின் பச்சை நிறம் பூண்டு இலையோடு இலையாகும். பின்னர் கூட்டுப்புழுவாகிச் சிறகு பெற்றுப் பறக்கும். முட்டையிலிருந்து சிறகு வரை ஏறத்தாழ ஒரு மாதம். புழு ஓடாது, பறக்காது, கோபிக்காது. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஒரு படம் எடுத்து வந்தால், மாத முடிவில் முப்பது படங்களில் ஒரு முழு வாழ்க்கை அடங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த அறிவியல் பாடம் கிடையாது. ரசத்துக்குக் கருவேப்பிலை சற்றுக் குறைந்தால் தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்!

எளிதில் கிட்டும் காகத்தையும் அலட்சியம் செய்ய வேண்டா. சாம்பல் கழுத்துடைய ஊர்க்காகம் இந்நாட்டிற்கு உரியதன்று. 19-ஆம் நூற்றாண்டு முடிந்து 20-ஆம் நூற்றாண்டு பிறந்த காலத்தில், கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது. தோட்ட வேலைக்கென்று கப்பலேற்றப்பட்டவர்கள் நம் பாட்டன்மார் மட்டுமல்லர். காகமும் நம்மோடு வந்த பயணிதான்.

ஒளியும் நேரமும்

ஒளிப்படம் என்ற பெயரே அதன் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது. ஒளி நன்றாக அமைந்தால் எளிய கருவியும் நல்ல படம் தரும். ஒளி கெட்டால் விலையுயர்ந்த கருவியும் கைவிடும். நண்பகல் வெயில் தலைக்கு மேல் நிற்கும்போது பறவையின் கண் நிழலில் புதைந்துவிடும். காலை ஏழரை முதல் ஒன்பதரை வரையிலும், மாலை ஐந்து முதல் ஆறரை வரையிலும் ஒளி சாய்வாக விழும். நிறங்கள் கனிவாகத் தோன்றும். காலைப்பொழுதை வீட்டிலுள்ள முதியோரும் விடுமுறைப் பிள்ளைகளும் பயன்படுத்தட்டும். வேலைக்குச் செல்வோருக்கு மாலை இருக்கிறது. மழையினால் பால் வெட்டு நின்றுபோகும் நாள்களும் இருக்கின்றன. மழை ஓய்ந்த அரைமணி நேரத்தில் பறவைகள் சிறகுலர்த்தவும் இரை தேடவும் வெளிப்படும். கூலி குறைந்த நாளாயினும், அது படத்திற்கு உகந்த நாள்!

கதிரவன் உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு நில்லுங்கள். வெளிறிய வானத்தைப் பின்னணியாகக் கொண்டால் பறவை வெறும் கரிய நிழலாகவே விழும். வேறு வழியில்லையேல், திரையில் பறவையின் உருவத்தைத் தொட்டு, வெளிச்ச அளவைச் சற்றுக் கூட்டுங்கள். வாழையிலை பின்னணியாக வந்தால் நன்று. பின்னணி, பறவையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்குப் பறவை தெளிவாக எடுபடும். எல்லாவற்றிற்கும் மேலாக, கண் தெளிவாக விழ வேண்டும். இறகு மங்கினாலும் குற்றமில்லை. கண் மங்கினால் படத்தில் உயிர் இராது.

பால்மரம் இலையுதிர்க்கும் காலத்தை நினைவில் வையுங்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் மரங்கள் மொட்டையாகி நிற்கும்போது வருமானம் குறைகிறது. நெஞ்சில் கவலை மிகுகிறது. ஆனால், இலைமறைவின்றிப் பறவைகள் கண்ணுக்கு எளிதாகத் தென்படும் காலமும் அதுவே. ஏறத்தாழச் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வடநாடுகளின் குளிருக்குத் தப்பி வரும் விருந்தினரும் அப்போது இங்கே இருப்பர். தகைவிலான் மின்கம்பிகளில் வரிசையாக அமரும். நீலவால் பஞ்சுருட்டான் காற்றிலேயே வண்டுகளைப் பிடிக்கும். பழுப்புக் கீச்சான் வேலிக்கம்பத்தில் தனித்திருந்து காவல் காக்கும். இக்கீச்சான்களுள் பல, ஆண்டுதோறும் முன்பு தங்கிய அதே இடத்தை நாடி வரும் இயல்புடையவை என்று ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். சென்ற ஆண்டு உங்கள் வேலியில் இருந்தவர்தாம் இவ்வாண்டும் வந்தாரோ என்று ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் படம் இருக்க வேண்டாமா?

பறவையை வரவழைக்கும் வழி

கைத்தொலைபேசியின் குறை ஒன்று உண்டு. தொலைவில் உள்ளதை அது நன்றாகக் காணாது. திரையில் பெரிதாக்கி எடுத்தால் படம் சிதைந்துவிடும். ஆதலால், நாம் பறவையைத் தேடிச் செல்வதைவிடப் பறவை நம்மிடம் வருமாறு செய்வதே அறிவுடைமை. அதற்குச் செலவில்லாத வழிகளைக் கூறுகிறேன்.

அகன்ற மண்தட்டு ஒன்றில் இரண்டு விரல் ஆழத்திற்குத் தண்ணீர் ஊற்றி, வாழையடியில் சிறு மேடையின் மீது வையுங்கள். அருகில் ஒரு காய்ந்த கிளையை நட்டு வையுங்கள். பறவை முதலில் கிளையில் அமர்ந்து நாற்புறமும் பார்த்த பின்னரே நீரில் இறங்கும். அக்கிளைதான் உங்கள் படமேடை! ஆனால், அத்தண்ணீரை நாள்தோறும் தவறாமல் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்ற வேண்டும். பல நாள் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு பெருகி டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும். பறவைக்கு வைத்த நீர் பிள்ளைக்குப் பகையாகக் கூடாது.

கனிந்த பப்பாளித் துண்டையோ வாழைப்பழத்தையோ கிளையில் செருகி வைக்கலாம். மிகுதியாக வைத்தால் எலியும் குரங்கும் வரும். ஆகவே, கொஞ்சமாக வைத்து, பொழுது சாயுமுன் மீதியை அகற்றிவிடுங்கள். சிறந்த வழி, மரம் வளர்ப்பதே. செம்பருத்தி ஒன்று, முருங்கை ஒன்று, பழுத்ததில் ஒரு பங்கைப் பறவைக்கு விட்டுக்கொடுக்கும் பப்பாளி ஒன்று இருந்தால் போதும். பூச்சிமருந்து குறைந்த கொல்லையில் பறவை மிகும். பறவை மிகுந்த கொல்லையில் பூச்சி குறையும்.

அடுத்து மறைவிடம். கியர்ட்டன் சகோதரர்களைப் போல மாட்டுருவம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் அடுப்படிச் சன்னலே தலைசிறந்த மறைவிடம். அதில் ஒரு கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு, வில்லை நுழையுமளவு துளையிட்டுக்கொண்டால் போதுமானது. வீட்டையும் துணிக்கொடியையும் நாள்தோறும் பார்த்துப் பழகிய பறவை அவற்றைக் கண்டு அஞ்சுவதில்லை. திடீரென அசையும் மனிதனைக் கண்டே அஞ்சுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. காலியான பால் டின்னில் மணல் நிரப்பி, அதில் கைத்தொலைபேசியை அசையாமல் நிறுத்துங்கள். தண்ணீர்த் தட்டிலிருந்து இரண்டு முழத் தொலைவில் அதை வைத்து, அசையும் படமாகப் பதிவு செய்யுமாறு முடுக்கிவிட்டு வீட்டுக்குள் சென்றுவிடுங்கள். பறவை வந்து குளித்துச் சென்றபின் எடுத்துப் பார்த்தால், அருகில் நின்றும் எடுக்கவியலாத காட்சிகள் கிட்டும். அவற்றுள் சிறந்த ஒரு கணத்தைத் தனிப்படமாகப் பிரித்துக்கொள்ளலாம். மழைமேகம் கூடினால் மட்டும் கருவியை மறந்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். இவ்வழிகளில் தேர்ச்சி பெற்ற பின்னரும் ஆர்வம் அடங்கவில்லையேல், நெடுவில்லை பொருத்திய பழைய கருவி ஒன்றைச் சேமித்த பணத்தில் வாங்கலாம். தவணைக் கடனில் வாங்க வேண்டா. பொழுதுபோக்கு, அடுப்பின் நெருப்பை அணைக்கலாகாது.

செய்யத் தகாதவை

பறவைக் கூட்டைக் கண்டதும் கையில் கருவியோடு ஓடுவது இயல்பு. அங்கேதான் பெருந்தீங்கு நிகழ்கிறது. கூட்டை மறைக்கும் இலைகளை விலக்கிவிட்டுப் படமெடுத்தால், வெயில் குஞ்சுகளை வாட்டும்; காகத்திற்கும் பாம்புக்கும் வழி திறக்கும்; தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுப் போகவும் கூடும். ‘காரணமின்றித் தூக்கணாங்குருவி தாழக் கூடு கட்டுமா?’ என்பது மலாய்ப் பழமொழி. அது எவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கொரு காரணம் உண்டு. அக்காரணத்தை நாம் குலைக்கக் கூடாது. தாய் திரும்பி வரத் தயங்கினால், நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்பது பொருள். உடனே பின்வாங்குங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை ஏமாற்றி அழைப்பதும் நன்றன்று. தன் எல்லைக்குள் எதிரி புகுந்தான் என்று எண்ணி அது இரைதேடலை மறந்து அலைந்து களைத்துப்போகும்.

நம் உயிருக்கும் எல்லை வகுக்க வேண்டும். எரிக் ஹாஸ்கிங் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேயப் பறவைப் படப்பிடிப்பாளர், 1937-ஆம் ஆண்டில் கூட்டைக் காத்துநின்ற ஆந்தை ஒன்றின் தாக்குதலால் ஒரு கண்ணை இழந்தார். நம் தோட்டங்களில் ஆந்தையினும் அஞ்சத்தக்கது, நஞ்சை உமிழும் கருநாகம். அது தொலைவில் நின்றே கண்ணைக் குறிவைக்கும். பாம்பைக் கண்டால் படத்தை மறந்து விலகுங்கள், பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள், 999 எண்ணுக்கு அழைத்து உதவி கோருங்கள். நஞ்சு கண்ணில் பட்டுவிட்டால், தேய்க்காமல் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

லயத்து வாழ்க்கைக்குரிய நாகரிகம் ஒன்றையும் கூறியாக வேண்டும். நம் கொல்லைகளுக்கிடையே மதில் இல்லை. உங்கள் வாழைக்கு நேரே அண்டை வீட்டாரின் குளியலறை இருக்கலாம். அக்காள் தங்கையர் துணி துவைத்துக்கொண்டிருக்கலாம். கருவி எத்திசையை நோக்குகிறது என்பதில் இளைஞர்கள் கருத்தாக இருக்க வேண்டும். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, எடுத்த படங்களை அவர்களுக்கும் காட்டுங்கள். ஐயம் அகன்று நட்பு வளரும்.

கூண்டா, கருவியா?

இப்போது நான் சொல்ல வந்ததன் மையத்திற்கு வருகிறேன்.

பறவையின்மீது நமக்குள்ள அன்பு புதிதன்று. மயிலுக்குப் போர்வை அளித்த பேகனைப் போற்றும் இனம் நம்முடையது. ஆயினும், தோட்டங்களில் அவ்வன்பு பல வேளைகளில் தவறான உருவம் எடுத்திருக்கிறது. சிறுவர் கையில் உண்டிவில். பெரியோர் கையில் கண்ணி. மரப்பாலைக் காய்ச்சிக் கிளையில் பூசிப் பறவையின் கால்களையும் சிறகையும் சிக்கவைக்கும் பசை. இனிமையாகப் பாடும் பறவைக்கு அதன் குரலே எமனாகிறது.

‘பாராவ்-பாராவ்’ என்னும் பறவையை முதியோர் அறிவர். ஆற்றோரங்களில் அது பாடும் பாட்டுக்கு ஈடில்லை. அப்பாட்டுக்காகவே தென்கிழக்காசியா எங்கும் அதைப் பிடித்துக் கூண்டிலிட்டு விற்றார்கள். விளைவு என்ன? 2018-ஆம் ஆண்டில் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் என்று அறிவித்தது. அது ஒரு காலத்தில் அருமையான பறவையாக இருக்கவில்லை. ஒவ்வொருவரும் ‘நான் ஒன்றைத்தானே பிடித்தேன்’ என்று எண்ணினர். ஒன்று ஒன்றாகவே அது ஓய்ந்தது.

சட்டமும் இதனைத் தடுக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பறவைகளையும் விலங்குகளையும் உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். விளையாட்டாகப் பிடித்தேன் என்பது நீதிமன்றத்தில் விடையாகாது. ஆனால், சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதனைக் கைவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. கூண்டிலிட்ட பறவை ஒரு வீட்டுக்குத்தான் பாடும். நாளடைவில் வாடி இறக்கும். கருவியில் பிடித்த பறவை மறுநாளும் வந்து லயம் முழுவதற்கும் பாடும். பிடிக்கும் ஆசையையும் தீர்த்து, பறவையையும் வாழவைக்கும் வழி ஒன்று இருக்கையில், பசைக்குச்சி எதற்கு? உண்டிவில் எறியத் தெரிந்த சிறுவனுக்குக் குறிபார்க்கும் கண்ணும், ஓசையின்றி நடக்கும் காலும், காத்திருக்கும் பொறுமையும் ஏற்கெனவே இருக்கின்றன. அவனைக் கடிந்துகொள்வதைவிட அவன் கையில் கருவியைக் கொடுத்துப் பாருங்கள்!

படம் ஒரு சாட்சி

படம் எடுத்தால் மட்டும் போதாது. குறித்து வைக்கவும் வேண்டும். மளிகைக்கடைக் கணக்கெழுதும் 555 குறிப்பேடு ஒன்று போதும். நாள், நேரம், இடம், என்ன பறவை, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது, வெயிலா மழையா; இவ்வளவையும் ஒரு வரியில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘மஞ்சள் வயிறு, நீண்ட வால்’ என்று அடையாளம் எழுதினாலும் பயனுண்டு. பிறகு பெயரைக் கேட்டறியலாம். 1940-ஆம் ஆண்டில் தோன்றி இன்றும் இயங்கிவரும் மலேசிய இயற்கைக் கழகத்தில் பறவைகளை அறிந்தோர் பலர் இருக்கின்றனர். ‘ஈபேர்டு’, ‘ஐநேச்சுரலிஸ்ட்’ போன்ற இணையப் பதிவேடுகளில் உலகெங்கும் உள்ள பொதுமக்கள் தாம் கண்டவற்றைப் பதிகின்றனர். அறிஞர்கள் அவற்றைத் தங்கள் ஆய்வுகளுக்குப் பயன்படுத்துகின்றனர். பால்வெட்டும் தொழிலாளியின் பதிவும் பேராசிரியரின் பதிவும் அங்கே ஒரே ஏட்டில் இடம்பெறும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. பறவை பிடிப்போர் விரும்பும் இனங்களின் கூடு இருக்குமிடத்தைப் பொதுவில் வெளியிடாதீர்கள். கைத்தொலைபேசி படத்தோடு இடத்தையும் பதிந்துவிடும். அவ்வசதியை அணைத்து வைத்துவிட்டுப் படமெடுங்கள்.

இக்குறிப்பேட்டின் அருமையை இன்னொரு கோணத்திலிருந்தும் எண்ணிப் பாருங்கள். பால்மரத் தோட்டங்கள் பல செம்பனைக்கு இடம்விட்டன. பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. கோயிலும் லயமும் பள்ளியும் இருந்த இடம் எதுவென்று பெயரனுக்குச் சுட்டிக்காட்ட இயலாத பாட்டன்மார் நம்மிடையே எத்தனை பேர்! தோட்டத்தின் உற்பத்தி எவ்வளவு, பரப்பு எவ்வளவு என்பதற்குக் கணக்கேடுகள் உண்டு. ஆனால், விடியற்காலையில் அங்கே எந்தப் பறவை பாடியது, எந்த மரத்தில் பறக்கும் ஓணான் வாழ்ந்தது, தாய்மார்கள் நட்ட செம்பருத்தியில் எந்தச் சிட்டு தேன் குடித்தது என்பதற்கு யார் கணக்கு வைத்தார்கள்? அந்தக் கணக்கை எழுதத் தகுதியுடையோர் அங்கே வாழ்ந்தவர்கள் மட்டுமே. நாளை இந்நிலம் எவ்வுருவம் கொண்டாலும், நாள் குறித்த உங்கள் படங்கள் ‘இங்கே இவ்வுயிர்கள் இருந்தன, இவற்றோடு நாங்களும் இருந்தோம்’ என்று சாட்சி சொல்லும். பெரிய செலவில்லாமல் உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் விட்டுச் செல்லக்கூடிய சொத்து இது.

எங்கே தொடங்குவது?

இவ்வாரமே தொடங்கலாம். முதல் நாள், கருவியைத் தொடாமல் மாலையில் அரைமணி நேரம் கொல்லையில் அமர்ந்து, எந்தப் பறவை எங்கே வருகிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் நாள், தண்ணீர்த் தட்டையும் கிளையையும் அமையுங்கள். பறவைகள் பழகுவதற்கு மூன்று நான்கு நாள் விடுங்கள். வார இறுதியில் வில்லையை மென்துணியால் துடைத்துவிட்டு, மறைவில் அமர்ந்து, ஒரே ஒரு பறவையை மட்டும் படம்பிடியுங்கள். முதற்படம் மங்கலாகத்தான் இருக்கும். அடுத்தது சற்றுத் தெளியும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். பால்மரத்தின் பட்டையை உள்மரம் காயப்படாமல் மெல்லியதாகச் சீவக் கற்றுக்கொள்ள உங்களுக்கு எத்தனை மாதம் ஆயிற்று? அந்தப் பொறுமையில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

ஓராண்டு கழிந்தபின் சிறந்த படங்கள் சிலவற்றை அச்சிட்டு, பெயரும் நாளும் எழுதி, இதே மண்டபச் சுவரில் வரிசையாக ஒட்டிவையுங்கள். திருவிழாவுக்கு வரும் உறவினரும், நகரங்களுக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளும் அவற்றைப் பார்க்கட்டும். ‘இவையெல்லாம் நம் கொல்லையிலா இருந்தன?’ என்று அவர்கள் வியந்து கேட்கட்டும். ‘இருந்தன என்று சொல்லாதே, இன்னும் இருக்கின்றன, வந்து பார்’ என்று அவர்களை அழைத்துச் சென்று காட்டும் பேறு உங்களுக்கு வாய்க்கட்டும்.